கடலைக்காய் வேரில் இருப்பது நல்ல முடிச்சா, நூற்புழு முடிச்சா?

கேள்வி: கவுந்தப்பாடி_காட்டுக்காரன்

வணக்கமுங்க. செவ்வல் மண், ஓரடிக்குக் கீழே சுண்ணாம்புக் கல் தட்டும். கிணற்றுப் பாசனம், தண்ணீர் கொஞ்சம் சப்பை, அதாவது உப்புக்கரிக்கும். போன போகம் மஞ்சள். வெட்டி எடுத்துவிட்டுக் கொத்து ரகக் கடலைக்காய் போட்டு இன்றைக்கு 33 நாள். விதைக்கு ரைசோபியம் (வேரில் முடிச்சு கட்டி, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா) கலக்கவில்லை. ஏக்கருக்கு அடியுரம் டிஏபி ஒரு மூட்டை, 15ஆம் நாள் யூரியா 25 கிலோ கொடுத்தாச்சு.

பள்ளமாக இருக்கும் பாத்திகளில் நுனி இலை வெளுத்துக்கொண்டு வருகிறது, மேட்டுப் பாத்தி பச்சையாகவே இருக்கிறது. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு இருக்கிறது. சிலதில் நிறைய, சிலதில் நாலைந்துதான். மருந்துக் கடையில் "மஞ்சள் போட்ட காடு, நூற்புழுதான், குருணை மருந்து போடுங்க" என்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் "கடலைக்கு முடிச்சு இருந்தால் சத்து, பேசாமல் விடு" என்கிறார். இரண்டில் எதைக் கேட்பது? கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள வழி இருக்குங்களா?

---

பதில் 1: வேரடி

வழி இருக்குங்க. ஒரு சவர பிளேடும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். முதலில் செடியைப் பிடுங்குவதை நிறுத்துங்கள். பிடுங்கினால் நல்ல முடிச்சு பாதிக்கு மேல் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். "நாலைந்துதான் இருக்கிறது" என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தண்ணீர் கட்டிய மறுநாள், செடியைச் சுற்றி அரை அடி தள்ளி மம்பட்டியை இறக்கி, மண்ணோடு கட்டியாகத் தூக்குங்கள். வாளியில் கால் மணி நேரம் ஊறவிட்டுத் தண்ணீருக்குள்ளேயே மெதுவாக அலசுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்ச வேண்டாம். மேட்டுப் பாத்தியில் ஐந்து செடி, பள்ளத்தில் ஐந்து செடி எடுத்து, இரண்டையும் கலக்காமல் தனித்தனியாக வையுங்கள். ஒப்பிட்டால்தான் விஷயம் தெரியும்.

இனி முடிச்சைப் பாருங்கள்.

கடலையில் ரைசோபிய முடிச்சு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே பெரிய அடையாளம். உளுந்து, தட்டைப்பயறு போன்றவற்றில் பாக்டீரியா வேர்த்தூவி வழியாக நுழையும். முடிச்சு வேரின் எந்த இடத்திலும் வரும். கடலையில் அப்படியில்லை. பக்கவேர் கிளம்பும்போது தாய்வேரின் தோல் வெடிக்கிறது, அந்த வெடிப்பு வழியாகத்தான் பாக்டீரியா உள்ளே போகிறது. அதனால் முடிச்சு எப்போதும் பக்கவேர் பிரியும் கவட்டையில் இருக்கும். உருண்டை, கடுகளவிலிருந்து 3, 4 மில்லிமீட்டர் வரை. வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், வேர் அதன் பாட்டுக்கு ஒரே பருமனில் போகும். கட்டைவிரலால் உருட்டினால் முடிச்சு மட்டும் கழன்று வந்துவிடும், வேர் அறாது.

நூற்புழு முடிச்சு என்பது, மண்ணில் இருக்கும் நுண்ணிய புழு புகுந்ததால் வேரே வீங்கியது. வீக்கத்தின் இரு முனையிலும் வேர் தொடரும். அதைக் கழற்ற முடியாது, இழுத்தால் வேர் கிழியும். வடிவம் ஒழுங்கில்லாமல், இரண்டு மூன்று வீக்கம் சேர்ந்து தடித்தும் இருக்கும். அதிலிருந்தே பொடிவேர்கள் கொத்தாகக் கிளம்பியிருக்கும். கடலையைத் தாக்கும் நூற்புழுவாக இருந்தால் பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் விழுதிலும் காய்த் தோட்டிலும்கூட வீக்கம் வரும். ரைசோபிய முடிச்சு காயில் ஒருபோதும் வராது. உங்களுடையது 33 நாள் பயிர், காய்க்கு இன்னும் நாள் இருக்கிறது. பின்னால் பார்க்க இது உதவும்.

அடுத்தது பிளேடு. முடிச்சைக் குறுக்கே இரண்டாக நறுக்கி, நறுக்கிய உடனே வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். காற்றுப் பட்டால் சில நிமிடத்தில் பழுப்பேறிவிடும், பிறகு நிறத்தை நம்ப முடியாது. உள்ளே இளஞ்சிவப்பு அல்லது நல்ல சிவப்பு என்றால் வேலை செய்கிற முடிச்சு. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தச் சிவப்பணுவில் இருப்பதன் உறவுக்காரப் புரதம்தான். தழைச்சத்தைப் பிடிக்கும் நைட்ரோஜினேஸ் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிவப்புப் பொருள் ஆக்சிஜனைப் பிடித்து அளவாகக் கொண்டு சேர்க்கிறது. சிவப்பு இல்லையென்றால் முடிச்சு இருந்தும் வேலை இல்லை.

வெள்ளை என்றால் இரண்டு அர்த்தம். விதைத்த 15, 20 நாளில் வெள்ளையாக இருந்தால் இளசு, பொறுத்திருங்கள். 30 நாள் தாண்டியும் பெரும்பாலானவை வெள்ளை என்றால் கோளாறு இருக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ குழைந்து இருந்தால் ஆயுள் முடிந்தது. காய் முற்றும் பருவத்தில் பச்சையானால் அது இயற்கை, 33 நாளில் பச்சையாக இருக்கக் கூடாது.

நூற்புழு வீக்கத்தை நறுக்கினால் சிவப்பு இருக்காது. 10 மடங்கு கைலென்ஸ் இருந்தால், வெள்ளைச் சதைக்குள் முத்து நிறத்தில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, பேரிக்காய் வடிவில் பெண் புழு தெரியும். ஒரு எச்சரிக்கை: இரண்டும் ஒரே வேரில் இருக்கலாம், ரைசோபிய முடிச்சுக்குள்ளேயே நூற்புழு புகுவதும் உண்டு. ஒரு முடிச்சை மட்டும் நறுக்கிவிட்டு முடிவுக்கு வராதீர்கள், செடிக்குப் பத்தாவது நறுக்குங்கள்.

---

பதில் 2: மஞ்சக்காடு_ஈரோடு

கடைக்காரர் சொன்ன கணக்கில் ஓட்டை இருக்கிறது. நம் பக்கம் மஞ்சளில் வருவது பெரும்பாலும் மெலாய்டோகைன் இன்காக்னிட்டா என்ற வேர்முடிச்சு நூற்புழு. அது கடலைக்காயில் பொதுவாகப் பெருகாது. சொல்லப்போனால் அந்த இனம் இருக்கும் காட்டில் மாற்றுப்பயிராகப் போடக் கடலை நல்ல தேர்வு. கடலையை வாட்டுவது அரனேரியா, ஜவானிக்கா போன்ற வேறு இனங்கள். மஞ்சளில் நூற்புழு இருந்தது என்பதற்காகவே கடலைக்குக் குருணை கொட்டினால், மருந்துச் செலவு ஒரு பக்கம். முடிச்சுக்கு வேண்டிய நல்ல நுண்ணுயிரைக் கலைப்பது இன்னொரு பக்கம்.

அதற்காக மஞ்சள் காட்டு நூற்புழுவை மறந்துவிட வேண்டாம். கடலைக்குப் பின் தக்காளி, கத்தரி, வெண்டை, தட்டைப்பயறு என்று எதைப் போட்டாலும் அது மறுபடி தலைதூக்கும். சந்தேகம் இருந்தால் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். நூற்புழுப் பரிசோதனைக்கான மண் வேறு, உரப் பரிசோதனைக்கான மண் வேறு. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். உரப் பரிசோதனைக்கு மண்ணை நிழலில் உலர்த்துவோம். நூற்புழுவுக்கு உலர்த்தினால் புழு செத்துவிடும், "இல்லை" என்று முடிவு வரும். வேர்ப்பகுதியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் பல இடத்தில் ஈரமண் எடுத்துக் கலந்து கால் கிலோ, அதோடு பொடிவேர் 10 கிராம், பிளாஸ்டிக் பையில் கட்டி நிழலில் வைத்து, முடிந்தால் அன்றே கொடுங்கள். வண்டிப் பெட்டிக்குள் வெயிலில் வைத்துப் போனாலும் கெட்டதுதான். கோவை வேளாண் பல்கலைக்கழக நூற்புழுவியல் துறையில் பார்ப்பார்கள். பட்டுப்போகும் செடியைச் சுற்றி எடுக்க வேண்டாம். வேர் அழுகிய இடத்தில் புழு விலகிப் போயிருக்கும். நலிந்தும் உயிரோடும் இருக்கிற செடி அடியில் எடுக்க வேண்டும்.

வேர்முடிச்சுத் தாக்குதலுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். வீக்கமே இல்லை 0. ஒன்றிரண்டு வீக்கம் 1. 3 முதல் 10 வரை 2. 11 முதல் 30 வரை 3. 31 முதல் 100 வரை 4. நூறு தாண்டினால் 5. உங்கள் தோட்டத்தில் மஞ்சள் தோண்டும்போது வேரை இப்படி எண்ணி வைத்தால் அடுத்த பயிரை முடிவு செய்யலாம். 3க்கு மேல் போனால் அந்தப் பாத்தியில் அடுத்து கத்தரி வகை வேண்டாம். செண்டுமல்லி போடலாம், விதை மஞ்சளை அந்தப் பாத்தியிலிருந்து எடுக்கவே கூடாது. நூற்புழு இடம் மாறுவது பெரும்பாலும் விதைக்கிழங்கோடுதான். அடுத்த மஞ்சளுக்கு வேப்பம் புண்ணாக்கு ஏக்கருக்கு 100 கிலோவாவது போட்டு, நூற்புழுவை அழிக்கும் பர்ப்யூரியோசிலியம் பூஞ்சாணம் 1 முதல் 2 கிலோ வரை மக்கிய தொழுவுரத்தில் கலந்து ஈரத்தில் இடுங்கள். காய்ந்த மண்ணில் தூவினால் வீண்.

---

பதில் 3: கவுந்தப்பாடி_காட்டுக்காரன்

ரொம்ப நன்றிங்க இரண்டு பேருக்கும். சொன்னபடி தோண்டிப் பார்த்தேன். எல்லா முடிச்சும் கவட்டையில்தான், உருட்டினால் கழல்கிறது. மேட்டுப் பாத்தியில் உள்ளே சிவப்பு. பள்ளத்தில் முடிச்சு சிறிது, நறுக்கினால் வெள்ளை, ஒன்றிரண்டு மட்டும் லேசான ரோஸ். நுனி இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருக்கிறது. அடி இலை பச்சைதான்.

---

பதில் 4: சத்துக்கணக்கு

அப்படியென்றால் நூற்புழுவை விட்டுவிடுங்கள். இது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. இலை சொல்வதை முடிச்சும் சொல்கிறது.

தழைச்சத்து போதாமல் இருந்தால் அடி இலை முதலில், நரம்போடு சேர்த்து ஒரே சீராக வெளுக்கும். ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து தழைச்சத்தை எடுத்து நுனிக்குக் கொடுக்க முடியும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. அதனால் நுனி இலை முதலில் வெளுக்கிறது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. முற்றினால் இலை காகிதம் போல வெள்ளையாகும்.

முடிச்சு ஏன் வெள்ளை? லெக்ஹீமோகுளோபினின் நடுவில் இருப்பதே இரும்பு. நைட்ரோஜினேஸ் நொதிக்கும் இரும்பும் மாலிப்டினமும் வேண்டும். இரும்பு இல்லாத கடலையில் முடிச்சு பெருக்காமல் சிறுத்து, நிறம் ஏறாமல் நின்றுவிடும். மேட்டில் சிவப்பு, பள்ளத்தில் வெள்ளை என்பது இதற்கு நேரான சாட்சி. பாக்டீரியா இரண்டு இடத்திலும் இருக்கிறது, அதனால் ரைசோபியம் கலக்காததை இப்போதைக்குக் குற்றம் சொல்ல வேண்டாம்.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செவ்வல் மண்ணின் சிவப்பே இரும்புதான். சுண்ணாம்பு மண்ணில் தண்ணீர் தேங்கும்போது பைகார்பனேட் என்ற உப்பு கூடும். சப்பைத் தண்ணீரிலும் அது இருக்கும். வேர் இரும்பை எடுக்க முடியாமல் போகும். பள்ளத்தில் மட்டும் வந்ததற்குக் காரணம் இதுதான். டிஏபியில் இருந்த மணிச்சத்தும் இரும்பைக் கொஞ்சம் பூட்டியிருக்கும்.

செய்ய வேண்டியது: முதலில் பள்ளப் பாத்தியில் தேங்கும் தண்ணீருக்கு வடிகால். அடுத்த பாசனத்தைத் தள்ளிப்போடுங்கள், மேல்மண் பொரபொரவென்று ஆகட்டும். பிறகு பெரஸ் சல்பேட் தெளிப்பு. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம், அதாவது அரை முதல் ஒரு சதம். கூடவே சிட்ரிக் அமிலம் 10 கிராம். உங்கள் கிணற்றுத் தண்ணீர் சப்பை என்பதால் சிட்ரிக் அமிலத்தை முதலில் கரைத்துவிட்டு அப்புறம் பெரஸ் சல்பேட்டைப் போடுங்கள். மாற்றிப் போட்டால் துருநிறத்தில் திரியும். மழைத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ கிடைத்தால் நல்லது. உப்பு வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். பையில் காவிநிறம் ஏறியிருந்தால் காற்றுப் பட்டு வேறு வடிவத்துக்கு மாறிவிட்டது, இலைக்குப் பயன்படாது. கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள். நாலு மணிக்கு மேல், இலையின் இரு பக்கமும் நனைய அடியுங்கள். உச்சி வெயிலில் ஒரு சதம் அடித்தால் இலை ஓரம் கருகும், கோடையில் அரை சதத்தோடு நிறுத்துவது மேல். 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. ஒரு முறை அடித்தால் அப்போது இருக்கும் இலைதான் பசுமையாகும். பின்னால் வருகிற நுனி மறுபடி வெளுக்கும், ஏனென்றால் இரும்பு நகராது. "அடித்தும் திரும்ப வந்துவிட்டது" என்று பலர் சொல்வது இதைத்தான். பெரஸ் சல்பேட்டை மண்ணில் கொட்டுவது சுண்ணாம்பு நிலத்தில் காசை மண்ணில் புதைப்பதுதான், ஓரிரு நாளில் பூட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, யூரியா. கணக்குப் போட்டுப் பாருங்கள்: டிஏபி ஒரு மூட்டையில் தழைச்சத்து 9 கிலோ, யூரியா 25 கிலோவில் 11.5 கிலோ, மொத்தம் இருபது தாண்டுகிறது. இறவைக் கடலைக்குப் பரிந்துரை எக்டருக்குத் தழை, மணி, சாம்பல்சத்து 25:50:75 கிலோ, ஏக்கருக்குத் தழைச்சத்து 10 கிலோதான். மண்ணில் தழைச்சத்து தாராளமாக இருந்தால் செடி முடிச்சுக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துவிடும். முடிச்சு வளர்ப்பது செடிக்குச் செலவான வேலை, மண்ணில் இலவசமாகக் கிடைத்தால் செய்யாது. மஞ்சளுக்கு இட்ட உரத்தின் மிச்சமும் உங்கள் காட்டில் இருக்கும். இனி யூரியா வேண்டாம். சாம்பல்சத்து போடவில்லை என்று தெரிகிறது, அது ஏக்கருக்கு 30 கிலோ, அதாவது பொட்டாஷ் 50 கிலோ மூட்டை ஒன்று. 40, 45ஆம் நாள் மண் அணைக்கும்போது ஜிப்சம் 160 கிலோ. அதற்குப் பிறகு கொத்துப் போட வேண்டாம், இறங்கும் விழுது அறுந்துவிடும். சுண்ணாம்பு மண்ணுக்கு ஜிப்சம் எதற்கு என்று கேட்பார்கள். காய் தன் கால்சியத்தை வேர் வழியாக வாங்குவதில்லை, தோடு வழியாக நேராக மண்ணிலிருந்து எடுக்கிறது. சுண்ணாம்பு எளிதில் கரையாது, ஜிப்சம் கரையும். கூடவே கந்தகமும் கிடைக்கும்.

---

பதில் 5: வேரடி

ரைசோபியம் பற்றி அடுத்த போகத்துக்குச் சொல்லிவிடுகிறேன். கடலைக்கான இனத்தைக் கேட்டு வாங்குங்கள். உளுந்துப் பொட்டலத்தைக் கடலைக்குக் கலந்தால் கைநிறைய பலன் எதிர்பார்க்க முடியாது. பரிந்துரை எக்டர் விதைக்கு 600 கிராம், ஏக்கருக்கு 250 கிராம் வாக்கில். 200 கிராம் பொட்டலம் இரண்டு போட்டாலும் கெடுதல் இல்லை. ஏக்கருக்கு விதைப் பருப்பு 50 கிலோ. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலக்கிப் புரட்டுங்கள், விதை பிசுபிசுக்க வேண்டுமே தவிர நனையக் கூடாது. நனைந்தால் சிவப்புத் தோல் உரிந்து முளைப்பு அடிபடும். கால் மணி, அரை மணி நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். பூஞ்சாணக்கொல்லி கலப்பதாக இருந்தால் அதை ஒரு நாள் முன்பே கலந்துவிட்டு, ரைசோபியத்தைக் கடைசியாகப் புரட்டுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றை வாங்கி ஒன்றால் கொன்ற கதை. விதையில் விட்டுப்போனால் ஏக்கருக்கு 800 கிராம், தொழுவுரம் 10 கிலோ, மண் 10 கிலோ சேர்த்து விதைக்கும் முன் இடலாம். 33 நாளுக்கு மேல் இடுவது பெரிதாகப் பேசாது.

கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நெல்லுக்குப் பின் கடலை போடுபவர்கள் கண்டிப்பாகக் கலக்க வேண்டும். மாதக்கணக்கில் தண்ணீர் நின்ற மண்ணில் ரைசோபிய எண்ணிக்கை குறைந்திருக்கும். ஒரு லாபம், வேர்முடிச்சு நூற்புழுவும் அப்படியே குறைந்திருக்கும்.

இன்னும் சில பயிரில் முடிச்சைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். குதிரைமசால், வெந்தயம், சணப்பை ஆகியவற்றில் முடிச்சு உருண்டையாக இருக்காது. நீளமாக, சில நேரம் கை விரல் போலக் கிளைத்து இருக்கும். நுனி வளர்ந்துகொண்டே போவதால் நடுவில் சிவப்பும் அடியில் பச்சையும் ஒரே முடிச்சில் தெரியும். இளம் கடலையில் பச்சை என்றால் கோளாறு, இங்கே அது சாதாரணம். ரோஸ்ட்ராட்டா வகைத் தக்கைப்பூண்டில் தண்டிலேயே வரிசையாக முடிச்சு வரும். வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. சவுக்கு மர வேரில் பவளக் கொத்து மாதிரி மரக்கட்டையாக இருப்பதும் நோய் இல்லை, அது பிராங்கியா என்ற வேறு வகை நுண்ணுயிர். பல வருடம் இருந்து வளரும்.

---

பதில் 6: பெருந்துறை_நாட்டுமருந்து

இடையில் ஒன்று, தலைப்புக்குக் கொஞ்சம் வெளியேதான். நாட்டு மருந்துக் கடையில் இருக்கிற மாசிக்காய், கடுக்காய்ப் பூ, கர்க்கடகசிங்கி மூன்றும் இதே குடும்பக் கதை. பெயரில் காயும் பூவும் இருந்தாலும் எதுவும் காயோ பூவோ இல்லை, பூச்சி குத்தியதால் செடி கட்டிய முடிச்சு. வாங்கும்போது மேலே சொன்ன அதே சோதனைதான்: எங்கே ஒட்டியிருந்தது, நறுக்கினால் உள்ளே என்ன.

மாசிக்காய், துருக்கி, ஈரான் பக்கத்து ஒரு வகை ஓக் மரத்தில் குளவி முட்டையிட்டு வருவது. ஒன்று முதல் இரண்டரை சென்டிமீட்டர் உருண்டை, மேலே சிறு முண்டுகள், அடியில் குட்டைக் காம்பு. ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது, துவர்ப்பு குறைந்த சரக்கு. ஓட்டை இல்லாமல் கனமாக, நீலப்பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் இருப்பது உயர்ந்தது. நறுக்கினால் நடுவில் ஒரு சிறு குழி இருக்கும், அது இல்லாவிட்டால் வேறு ஏதோ காய். கர்க்கடகசிங்கி, இமயமலைப் பக்கத்துப் பிஸ்டேசியா மரத்தில் அசுவினி கட்டுவது. கொம்பு வடிவில் உள்ளீடற்றிருக்கும், உடைத்தால் பூச்சித் தூசி கொட்டும். அது கலப்படம் இல்லை, அதன் அடையாளமே அதுதான். கடுக்காய்ப் பூ கடுக்காய் மர இலையில் வருவது. உடைத்தால் இதுவும் உள்ளே வெற்றிடம்தான்.

மாசிக்காய்த் தூளைக் கொதிக்கவைத்த நீரில், மேலே சத்துக்கணக்கு சொன்ன அதே பெரஸ் சல்பேட்டைத் துளி போட்டால் கருநீலமாக மாறும். துவர்ப்புச் சத்து இருப்பதற்குச் சாட்சி அது. பழைய காலத்து எழுத்து மை இப்படிச் செய்ததுதான். சோதனை செய்த தண்ணீரைக் குடித்துவிடாதீர்கள். பச்சைக் குழந்தைக்கு உரைமருந்தாக உரசிக் கொடுப்பதும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம், மலச்சிக்கல் பிடித்துக்கொள்ளும். அதே மாதிரி புங்கன் இலையிலும் மொச்சு மொச்சாக முடிச்சு வரும், அது சிலந்திப்பேன் கட்டியது; மருந்தென்று பறித்துக் காய்ச்ச வேண்டாம்.

---

பதில் 7: கவுந்தப்பாடி_காட்டுக்காரன்

ஆகட்டுங்க. வடிகால் வெட்டியாச்சு, பெரஸ் சல்பேட் நாளை சாயங்காலம் அரை சதம். ஒரு சந்தேகம் மட்டும்: இத்தோடு பூச்சி மருந்து கலந்து அடிக்கலாமா? இலைச்சுருள் புழு கொஞ்சம் தெரிகிறது.

---

பதில் 8: சத்துக்கணக்கு

கலக்காதீர்கள். இரும்பு பல மருந்தோடு சேர்ந்தால் திரிந்து கைத்தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும், மருந்தும் பலமிழக்கலாம். இரும்பை நாளை அடியுங்கள், பூச்சிக்கு இரண்டு மூன்று நாள் விட்டுத் தனியாகப் பாருங்கள். தெளித்து முடித்ததும் தொட்டியையும் முனையையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். ஒரு வாரம் கழித்துப் பள்ளத்தில் ஒரு பாத்தியை மட்டும் தோண்டி முடிச்சை நறுக்குங்கள். நுனி இலை பச்சையாகியும் முடிச்சு இன்னும் வெள்ளையாகவே இருந்தால், மிச்ச யூரியா தடுப்பதாக இருக்கலாம். அப்போது தெளிப்பைக் கூட்டிப் பயனில்லை, ஒன்றரை வாரம் பொறுத்து மறுபடி நறுக்கிப் பாருங்கள்.